பஞ்ச பாத்திரமும் ஆங்கிலேய உத்தரணியும்

பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது பட்டாச்சாரியாரின் முகத்தைப் பார்க்காதீர்கள். கையில் இருக்கும் உத்தரணியைப் பாருங்கள். வெள்ளி வட்டிலில் இருக்கும் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதே துளசி, அதே பச்சைக் கற்பூரம். ஆனால் அறங்காவலர் குழுத் தலைவர் வந்தால் உத்தரணி வட்டிலின் அடிவரை போய்த் தளும்பத் தளும்ப மேலே வருகிறது. என் முறை வரும்போது தண்ணீரின் மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டு வருகிறது. உள்ளங்கை நனைந்தது தீர்த்தத்தாலா வியர்வையாலா என்று நானே யோசிக்க வேண்டியிருக்கும். என் பெரியப்பா இதைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "பரிமாறுறவன் நம்மாளா இருந்தா கடைசிப் பந்தியிலகூட உக்காரலாம்டா." கல்யாண வீடுகளில் பாயச வாளியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த உத்தரணிக்கு இங்கிலாந்தில் ஒரு பங்காளி இருந்தான். பெயர் பஞ்ச் கரண்டி. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய வீடுகளில் நடுக்கூடத்து மேசையில் ஒரு பெரிய கிண்ணம், சுற்றிலும் பொய் முடி அணிந்த பத்துக் கனவான்கள், நடுவில் ஒருவர் கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளிக் கரண்டி. கிண்ணத்துக்குள் இருந்தது, நம்மூர்க் குடிமக்களின் பரிபாஷையில் சொன்னால், தீர்த்தம்தான். பயபக்தியிலும் குறைவில்லை. ஒரே வித்தியாசம், நம் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போகலாம். அவர்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் கதை லண்டனில் தொடங்கவில்லை. சோழமண்டலக் கரையில், இன்றைய ஆந்திராவின் நிஜாம்பட்டினத்தில் தொடங்குகிறது. அந்த ஊருக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பேட்டபோலி. 1611-இல் 'குளோப்' என்ற கப்பலில் வந்திறங்கித் துணி வாங்கக் கடை போட்ட இடம். 1632 செப்டம்பரில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆள், பேட்டபோலியில் இருந்த தாமஸ் காலி என்ற சகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் போகிற போக்கில் ஒரு வரி: எல்லோரும் ஒரே குடும்பமாக இருங்கள், பஞ்ச் குடிப்பதில் மட்டும் அளவு பார்க்காதீர்கள் என்ற பொருளில். பஞ்ச் என்ற பானத்தைப் பற்றி இதுவரை கிடைத்த எழுத்திலேயே மூத்தது இந்த ஒரு வரிதான். அளவே வேண்டாம் என்கிற அறிவுரையோடு பிறந்த பானம். அதைப் பெற்றுக்கொண்டவர் பெயர் காலி. கிண்ணத்தின் கதி என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

கம்பெனிக்காரனின் நிலைமையைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதம், எட்டு மாதம் கப்பலில் வருகிறான். பீப்பாயில் ஏற்றிய பீர் வெயிலில் புளித்துப்போகிறது. ஒயின் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. கரை இறங்கினால் வேட்டிக்குப் பாவு போடும் சத்தமும் புழுக்கமும்தான். அப்போது கண்ணில் படுகிறது நம்மூர்ச் சரக்கு, அரக்கு. அந்தச் சொல் அரபு மொழியில் வியர்வையைக் குறிப்பது. வாலையில் சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்து வைத்த பெயர். தென்னங்கள்ளிலிருந்து கோவாவில் இறக்கினார்கள். அரிசியும் வெல்லப்பாகும் போட்டு, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவில் சீனர்கள் இறக்கினார்கள். தனியாகக் குடித்தால் தொண்டையில் உளி இறங்கும். அதனால் சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய் சேர்த்தார்கள். நம் வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்கும் பானகத்தில் ஒரு கெட்ட சகவாசம் சேர்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் பஞ்ச்.

ஐந்து பொருள், ஆகவே 'பஞ்ச'. பஞ்சாமிர்தம், பஞ்சாங்கம், பஞ்சாயத்து என்று பழகிய நமக்கு இதில் சந்தேகமே வராது. 1670-களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃப்ரையர் என்ற டாக்டரும் இதையே எழுதி வைத்தார். ஆனால் மொழியறிஞர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அந்தக் காலத்து ஆங்கில உச்சரிப்பில் அது 'புஞ்ச்' என்றுதான் ஒலித்திருக்கும், 'பஞ்ச' எப்படிப் 'புஞ்ச்' ஆகும் என்று ஒரு கட்சி. கப்பலில் சாராயம் ஏற்றும் 'பஞ்சன்' என்ற பீப்பாயின் சுருக்கம்தான் இது என்று இன்னொரு கட்சி. 1638-இல் சூரத்துக்கு வந்த மாண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானியர் பன்னீர் கலந்து குடித்துவிட்டு அதைப் 'பலேபுண்ட்ஸ்' என்று எழுதினார். எழுத்தைப் பார்த்தாலே எத்தனாவது கோப்பைக்குப் பிறகு எழுதினார் என்று ஊகிக்கலாம். பலே. பிறகு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், இது ஆங்கிலச் சொல் என்றார். ஆங்கிலேயரோ இந்துஸ்தானிச் சொல் என்றார்கள். போலீஸ் பிடித்தால் பாட்டிலை ஆளுக்கு ஆள் கைகாட்டுவது அன்றே உண்டு.

பெர்னியே என்ற பிரெஞ்சு டாக்டர், அவுரங்கசீப் காலத்து வங்காளத்தைப் பார்த்தவர், இந்தப் பானம் உடம்புக்கு ஆகாது என்றும், ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்கள் மாலுமிகளுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு சாவு குறைந்தது என்றும் எழுதினார். டாக்டர்கள் சொல்வதை யார் கேட்டார்கள்? துறைமுக ஊர்களில் மாலுமிகளின் சாராயக்கடைக்குப் 'பஞ்ச் ஹவுஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஊர் திரும்பிய கம்பெனிக்காரர்கள் மிளகோடும் மஸ்லினோடும் இந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சுங்கத்தில் காட்ட வேண்டியிராத ஒரே சரக்கு.

இதுவரை கரண்டி வரவில்லை என்று உங்களுக்குப் பொறுமை போயிருக்கும். அவர்களுக்கும் முதலில் வரவில்லை. கிண்ணத்தையே இரண்டு கையாலும் தூக்கி வாய் வைத்துக் குடித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளியவர்கள் இருந்தார்கள். எச்சில் என்றால் என்ன என்று தெரியாத சமூகத்தில் இதைப் பற்றி அதிகம் பேசிப் பயனில்லை.

கரண்டியின் தேவையை உலகத்துக்கு நிரூபித்தவர் அட்மிரல் எட்வர்ட் ரஸ்ஸல். 1694-இல் இங்கிலாந்தின் கப்பற்படையோடு ஸ்பெயின் கரையில் குளிர்காலம் கழித்துக்கொண்டிருந்தார். பொழுது போகவில்லை. ஒரு தோட்டத்தில் இருந்த நீரூற்றுத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லி, அதற்குள் பஞ்ச் கலக்கினார். கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: பிராந்தி நான்கு பெரும் பீப்பாய், மலாகா ஒயின் ஒரு பீப்பாய், எலுமிச்சை 2,500, துருவிய ஜாதிக்காய் 5 பவுண்டு, சுட்ட பிஸ்கட் 300, சர்க்கரை மூட்டை மூட்டையாக. நம்மூர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குக்கூட இவ்வளவு எலுமிச்சை வாங்குவதில்லை. மழை வந்தால் சரக்கில் தண்ணீர் கலந்துவிடுமே என்று தொட்டிக்கு மேலே பந்தலும் போட்டாராம். கலப்படத்தை ஒழிப்பதில் அட்மிரலுக்கு இருந்த அக்கறை நம் அரசாங்கங்களுக்கு இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

சரி, இந்தக் குளத்திலிருந்து எப்படி எடுத்துக் கொடுப்பது? எந்தத் தட்டானும் அந்த அளவுக்குக் கரண்டி அடித்திருக்க மாட்டான். அட்மிரல் கவலைப்படவில்லை. ஒரு சின்னப் படகைக் கட்டச் சொல்லி, கப்பல் பையன் ஒருவனை அதில் ஏற்றி, பஞ்சுக்குள் தள்ளிவிட்டார். பையன் துடுப்புப் போட்டுக்கொண்டே சுற்றி வந்து கரையில் நிற்பவர்களின் கோப்பைகளை நிரப்ப வேண்டும். ஆவி தலைக்கேறியதால் கால் மணி நேரத்துக்கு ஒரு பையனை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் போதையேறிப் படகிலிருந்து இறக்கப்பட்ட அந்தப் பையன்கள்தான் வரலாற்றின் முதல் மனிதக் கரண்டிகள். பதக்கம் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. மறுநாள் தலைவலி மட்டும் கிடைத்திருக்கும்.

வீட்டுக்குள் படகு விட முடியாதவர்களுக்குக் கரண்டி தேவைப்பட்டது. கரண்டிக்கு வெள்ளி தேவைப்பட்டது. இங்கேதான் கதை குடியிலிருந்து திருட்டுக்குத் திரும்புகிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வெள்ளி எங்கே இருந்தது என்றால், காசில் இருந்தது. ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள கிரௌன் என்ற காசு சுமார் முப்பது கிராம் நல்ல வெள்ளி. பழைய காசுகளைக் கையால் அடித்ததால் ஓரம் கோணல்மாணலாக இருக்கும். ஆகவே ஓரத்தைக் கத்தரித்து எடுத்துச் சேர்த்து உருக்கி விற்பது ஒரு குடிசைத் தொழிலாக நடந்தது. பிடிபட்டால் ராஜத்துரோகம், தூக்கு. தூக்குக்குப் பயந்து யாரும் தொழிலை விடவில்லை. 1662 முதல் அரசாங்கம் யந்திரத்தில் காசு அடிக்க ஆரம்பித்தது. பெரிய காசுகளின் விளிம்பைச் சுற்றி லத்தீனில் ஒரு வாசகம் பொறித்தார்கள். 'அணியும் அரணும்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எழுத்தே அழகு, எழுத்தே காவல். கத்தரித்தால் எழுத்து போய்விடும், குட்டு வெளிப்பட்டுவிடும். நாட்குறிப்பு எழுதியே அமரரான ஜான் எவ்லின், இந்த வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தது தானே என்று மறக்காமல் பதிவு செய்துவிட்டுப் போனார்.

நல்ல யோசனைதான். ஓரத்தை யாரும் சுரண்டவில்லை. காசை அப்படியே முழுசாக எடுத்துத் தட்டிக் கரண்டியாக்கிவிட்டார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. அந்தக் காலத்துப் பஞ்ச் கரண்டிகள் சிலவற்றைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவினால், அந்த 'அணியும் அரணும்' இன்னும் அங்கேயே ஓடுகிறது. ஒரு கிரௌன் காசைச் சுத்தியலால் குழியாகத் தட்டித் தட்டி, காசின் ஓரமே கரண்டியின் வாயாக வரும்படி செய்திருக்கிறார்கள். திருடனைத் தடுக்க எழுதிய எழுத்து குடிகாரனின் கரண்டிக்குக் கரைபோட்டுக்கொண்டு நிற்கிறது. புழக்கத்தில் இருக்கும் வெள்ளிக் காசை உருக்குவது குற்றம் என்று அதே 1662-இல் சட்டமும் போட்டிருந்தார்கள். 'எங்கே உருக்கினேன்? தட்டினேன், அவ்வளவுதான்' என்று எந்தத் தட்டானாவது நீதிபதியிடம் வாதாடியிருந்தால் அவனுக்கு நான் சிலை வைப்பேன். நம் பக்கத்து ஆசாரிகள் சேதாரத்துக்குச் சொல்லும் கணக்கை நினைத்தால், இந்த வாதம் அவர்களுக்குப் பச்சைக் குழந்தை விளையாட்டு.

1696-இல் அக்கசாலையைக் காக்க ஒரு பெரிய மூளையைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிள் புகழ் ஐசக் நியூட்டன். மனிதர் சும்மா பதவியை வாங்கிக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. கள்ளக்காசு அடிப்பவர்களைத் தேடிச் சாராயக்கடைகளிலும் சிறைகளிலும் போய் உட்கார்ந்து உளவு பார்த்தார். கடைச் செலவுக்கு அரசாங்கத்திடம் பில்லும் கேட்டார். வில்லியம் சாலனர் என்ற கள்ளக்காசு மன்னனை 1699-இல் தூக்குமேடை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். புவியீர்ப்பின் இரண்டாவது நிரூபணம் என்று அதைச் சொல்லலாம்.

அதே நேரத்தில் நாடாளுமன்றம் இன்னொரு தந்திரம் செய்தது. காசை உருக்கிப் பாத்திரம் செய்வதால்தானே நாட்டில் காசு இல்லை? 1697-இலிருந்து பாத்திர வெள்ளியின் தரம் காசைவிட உயர்ந்திருக்க வேண்டும் என்றது. காசில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்றால் பாத்திரத்தில் 958 வேண்டும். இனிமேல் காசை அப்படியே உருக்கிக் குடமாக்க முடியாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த வெள்ளி கொஞ்சம் மிருது; பாத்திரம் நெளிந்தது, தட்டார்கள் முணுமுணுத்தார்கள். 1720-இல் பழைய தரத்துக்கே திரும்பலாம் என்று விட்டுக்கொடுத்த அரசாங்கம், கூடவே அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரியைச் சேர்த்துக்கொண்டது. வலது கையால் கொடுத்து இடது கையால் எடுக்காத அரசாங்கத்தை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வரி வந்தால் வரி ஏய்ப்பும் வர வேண்டுமே. ஒரு குட்டிச் சாமானைச் செய்து முத்திரைக்கு அனுப்புவார்கள்; சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டெழுத்து எல்லாம் விழுந்து வரும்; கொஞ்ச வெள்ளிக்குக் கொஞ்ச வரி. பிறகு முத்திரை இருக்கும் வட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிய குடத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி லாரியில் மாட்டுகிற வேலை. கரண்டிக்கோ அந்தச் சிரமமும் இல்லை. எத்தனையோ பஞ்ச் கரண்டிகள் எந்த முத்திரையும் இல்லாமலேயே பரம்பரை பரம்பரையாகப் பஞ்ச் ஊற்றியிருக்கின்றன.

முத்திரை இல்லாத குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, கரண்டியின் குழியில் ஒரு காசைப் பதிக்கும் வழக்கம் வந்தது. ஆன் ராணியின் ஷில்லிங், இரண்டாம் ஜார்ஜின் ஷில்லிங், வசதி படைத்தவர்கள் வீட்டில் தங்கக் கின்னியா. முதலில் பஞ்சுக்கு அடியில் ராஜா முழுகிக் கிடப்பார். ஊற்றிய பிறகு தலை தெரியும். சொட்ட நனைந்து, எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்ட மூக்கோடு. ராஜ விசுவாசம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு ராஜாவை ராத்திரிக்கு நாற்பது தடவை கொதிக்கும் சாராயத்தில் முக்கி எடுப்பது விசுவாசமா தண்டனையா என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன்.

1745, 1746 காசுகள் சிலவற்றில் இரண்டாம் ஜார்ஜின் கழுத்துக்குக் கீழே 'லீமா' என்று ஒரு சொல் இருக்கும். பெரு நாட்டுத் தலைநகரின் பெயர் இங்கிலாந்து ராஜாவின் கழுத்தில் என்ன செய்கிறது? ஸ்பெயின்காரன் தென் அமெரிக்கச் சுரங்கங்களில் ஆட்களைக் கட்டாய வேலை வாங்கி வெட்டியெடுத்த வெள்ளி. அதை நடுக்கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பிடுங்கின. பிடுங்கியதை ஒளித்துவைக்காமல், எங்கே பிடுங்கினோம் என்று காசிலேயே விளம்பரம் செய்துகொண்டார்கள். நம்மூரில் திருட்டு நகையை விற்க வந்தவன் பில்லையும் சேர்த்துக் கொண்டுவந்த மாதிரி.

இனி காம்பு. ஆரம்பத்தில் காம்பும் வெள்ளியாக இருந்தது. உலோகங்களிலேயே வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளி என்று இயற்பியல் சொல்கிறது. சூடான பஞ்சில் கரண்டி விட்ட முதல் கனவான் அதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்துகொண்டிருப்பார். அதனால் கடைந்த மரக்காம்பு வந்தது. பிறகு, 1740-களை ஒட்டி, திமிங்கலம் வந்தது.

திமிங்கல எலும்பு என்று ஆங்கிலத்தில் பெயர். எலும்பு அல்ல. பல்லில்லாத திமிங்கலங்களின் வாயில் சல்லடை மாதிரித் தொங்கும் தகடு. நம் நகமும் தலைமுடியும் எதனால் ஆனதோ அதனால் ஆனது. வெந்நீரில் போட்டால் இளகும், முறுக்கினால் முறுக்கு மாதிரி நிற்கும், ஆறியதும் அப்படியே கெட்டிப்படும். லேசானது, சுடாது, வளைந்து கொடுக்கும். வடதுருவக் கடலில் ஐம்பதடி மிருகத்தை ஈட்டியால் குத்திக் கொன்று, அதன் வாயைப் பிளந்து எடுத்த தகட்டை அழகாக முறுக்கி, கரண்டிக் காம்பாக்கினார்கள். கைசுடுகிறது என்பதற்காக. ஒரு கந்தல்துணி போதும் என்று நம் சமையல்கட்டில் எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள், கேட்க நாதியில்லை. மிச்சத் தகடு சீமாட்டிகளின் இடுப்பை இறுக்கும் உள்கச்சைக்குப் போனது. ஒரே திமிங்கலம் மனைவியின் இடுப்பைச் சிறுக்க வைத்தது, புருஷனின் தொந்தியைப் பெருக்க வைத்தது.

ஆக, ஒரு கரண்டிப் பஞ்ச் மேசைக்கு வருவதற்குள் உலகமே வேலை செய்திருக்கிறது. பெருவின் வெள்ளி, ஆர்க்டிக் திமிங்கலம், பட்டேவியாவின் அரக்கு, மலுக்குத் தீவுகளின் ஜாதிக்காய். சர்க்கரை கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்பு வெட்டி ஆலையில் செத்து அனுப்பிய சர்க்கரை. பானத்தில் இனிப்பு அது ஒன்றுதான். இங்கிலாந்து சொந்தமாகப் போட்டது தண்ணீர்.

கரண்டி பிடிப்பவர் யார் என்பதும் சாதாரண விஷயமல்ல. வேலைக்காரனிடம் விட மாட்டார்கள். வீட்டுத் தலைவர்தான் கலக்குவார், அவர்தான் ஊற்றுவார். ஜாதிக்காயைத் துருவச் சட்டைப் பையில் குட்டி வெள்ளித் துருவி வைத்திருப்பார். மனைவி அடுப்படியில் எத்தனை பானை இறக்கினாலும் கண்டுகொள்ளாத மனிதர், எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் தேய்ப்பதற்கு ஒரு பிரசங்கமே செய்வார். டிக்கன்ஸின் நாவலில் வரும் மிக்காபர் கடன்காரர்களை மறந்து பஞ்ச் கலக்கும்போது முகம் மலர்வதைப் படித்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். ஜென்மத்தில் ஒரு டம்ளர் கழுவியதில்லை, பாயசத்தில் முந்திரி எங்கே பதுங்கியிருக்கிறது என்று மட்டும் எக்ஸ்ரே கண்ணால் பார்ப்பார்.

1733-இல் ஹோகார்த் என்ற ஓவியர் வெளியிட்ட ஒரு படம் இந்தக் கரண்டி ராஜ்யத்தின் குடும்பப் புகைப்படம். நள்ளிரவு உரையாடல் என்று மரியாதையாகப் பெயர் வைத்தார். கடிகாரம் விடியற்காலை நான்கு காட்டுகிறது. பதினோரு பேர். ஒருவர் தரையில் விழுந்து கிடக்கிறார். அவர் மொட்டை மண்டையில் இன்னொருவர் பாட்டிலைக் கவிழ்க்கிறார். ஒருவர் புகைக்குழாய் பற்றவைப்பதாக நினைத்துத் தன் சட்டைக் கையைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். உருண்டு கிடக்கும் பாட்டில்கள், எலுமிச்சைத் தோல், நிரம்பி வழியும் மூத்திரச் சட்டி. இத்தனைக்கும் நடுவே, பெரிய கிண்ணத்தின் பின்னால், குழாய் புகைத்துக்கொண்டு, கரண்டியை விடாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யார்? பாதிரியார். தீர்த்தம் கொடுப்பது எந்த மதத்திலும் குருமார் வேலைதான் என்பதில் ஹோகார்த்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டிய பஞ்ச் அங்கே அரசியலில் இறங்கியது. 1768-இல் பாஸ்டனில் பால் ரிவியர் என்ற தட்டான் அடித்த வெள்ளிக் கிண்ணம் இன்று அமெரிக்காவின் புனிதப் பொருள்களில் ஒன்று. ராஜாவின் உத்தரவுக்கு அடிபணிய மறுத்த 92 சட்டமன்ற உறுப்பினர்களின் பெருமைக்காகச் செய்தது. 45 அவுன்ஸ் எடை. தேசப்பற்றைக் கொள்ளளவில் அளக்கும் வசதி அதில் உண்டு. 1787 செப்டம்பர் 14-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு விருந்து. சாப்பிட்டவர்கள் 55 பேர். பில்லில் மதீரா ஒயின் 54 பாட்டில், கிளாரட் 60 பாட்டில், மேற்கொண்டு போர்ட்டர், சைடர், பீர்; இத்தனைக்கும் பிறகு பெரிய கிண்ணங்களில் பஞ்ச் ஏழு. உடைந்த கண்ணாடிச் சாமானுக்குத் தனித் தொகை. மூன்று நாள் கழித்து அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்து. அதன் சில ஷரத்துகளுக்கு இன்றுவரை அர்த்தம் கண்டுபிடிக்க முடியாமல் அவர்கள் நீதிமன்றத்தில் அடித்துக்கொள்வதற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

ஸ்காட்லாந்துக்காரன் சிக்கனமானவன். பத்துப் பேருக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி என்றால் பக்கத்து ஆளுக்கு அதிகம் போகுமே என்ற கவலை அவனுக்கு. ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை, ஆளுக்கொரு குட்டி வெள்ளிக் கரண்டி என்று பிரித்துக்கொடுத்துவிட்டான். விஸ்கி, வெந்நீர், சர்க்கரையைக் குவளையில் கலந்து, குட்டிக் கரண்டியால் சின்னக் கோப்பைக்கு மாற்றிக் குடிப்பது. இதற்கு அவன் வைத்த பெயரைக் கேட்டால் நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: டாடி. ஆமாம், நம் கள்ளுதான். பனையைக் குறிக்கும் 'தாட்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து 'தாடி', அதிலிருந்து ஆங்கில 'டாடி', அதிலிருந்து ஒரு பனைமரம்கூட முளைக்காத நாட்டின் தேசிய சளி மருந்து. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கினால் போலீஸ் வரும். எடின்பரோவில் அதே பெயரைச் சொல்லித் தும்மினால் மாமியாரே சூடாகக் கலந்து கொடுப்பாள்.

ஸ்காட்லாந்திலேயே கரண்டிக்கு ஒரு கண்ணாடி எதிரியும் வந்தது. பார்க்க மெலிந்த கூஜா மாதிரி. அடியில் ஓட்டை, மேலே ஓட்டை. பானத்துக்குள் விட்டால் நிரம்பும், மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் சிந்தாது, விரலை எடுத்தால் கோப்பையில் இறங்கும். பிளஸ் டூ வேதியியல் லேபில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித் திட்டு வாங்கியவர்களுக்கு வேலை செய்யும் விதம் புரிந்துவிடும்.

விக்டோரியா காலத்தில் கிண்ணமே வழக்கொழிந்தது. மதுவிலக்குச் சங்கங்கள் ஒரு பக்கம். ஆளுக்குத் தனிக் கோப்பை கேட்கும் அவசரம் இன்னொரு பக்கம். ராத்திரி முழுக்க ஒரு கிண்ணத்தைச் சுற்றி உட்கார யாருக்கும் நேரம் இல்லை. வேலை போன வெள்ளிக் கரண்டிகள் பெட்டிக்குள் போயின, பெட்டியிலிருந்து ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் புதிதாக நுழைபவர்களை ஏமாற்றுவது அந்தக் காசுதான். குழியில் 1711 என்று ஆன் ராணியின் ஷில்லிங் இருந்தால், கரண்டியும் 1711 என்று துள்ளுவார்கள். பழைய காசை எடுத்து அறுபது, எழுபது வருஷம் கழித்துச் செய்த கரண்டியில் பதித்திருப்பார்கள்; சில சமயம் வெறும் பழைய கரண்டியில் நேற்றுப் பதித்திருப்பார்கள். பேத்தி கழுத்தில் பாட்டியின் அட்டிகையைப் பார்த்துவிட்டுப் பேத்திக்கு வயது எண்பது என்று சொல்வது போலத்தான்.

காம்பை வைத்துத் தேதி சொல்லலாம் என்றால், பல கரண்டிகளில் காம்பே இல்லை. திமிங்கலத் தகடு நகத்தின் ஜாதி என்று சொன்னேன் அல்லவா? கம்பளி அரிக்கும் வண்டின் புழுவுக்கு அது கல்யாணச் சாப்பாடு. ஆர்க்டிக் பனியில் ஆட்களைப் பலிகொடுத்துக் கொண்டுவந்த காம்பை, இழுப்பறையின் இருட்டில் அரிசிமணி அளவுப் புழு ஒன்று சாவகாசமாகத் தின்று முடித்துவிடும். அடியில் ஜார்ஜ் ராஜா மட்டும் பளபளவென்று அப்படியே இருப்பார். பல் இறங்கவில்லை போலிருக்கிறது.